மூன்றாம் ஜன்னலில் என் மகள்

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன், ஓய்வு பெற்ற பல் மருத்துவன், வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் மகளும் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் சுகம் என்பதைப் போன வாரம் தொலைபேசியில் நீங்கள் பேசிய வேகத்திலேயே தெரிந்துகொண்டேன். ஆனால் 'ச' வருகிற இடங்களில் எல்லாம் லேசாகக் காற்றுப் போகிறது. கீழ்வரிசைப் பல்செட்டைக் கழற்றினால் தண்ணீரில் போடாமல் ஜன்னலோரத்தில் காயவைக்கிறீர்கள் என்று அதற்கு அர்த்தம். காய்ந்தால் வளைந்துவிடும், பிறகு என்னைத் திட்டக் கூடாது. தயவுசெய்து தண்ணீரில் போடவும்.

நாற்காலி வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்டீர்கள். தொலைபேசியில் சொன்னால் நடுவில் நீங்கள் பேச ஆரம்பித்துவிடுவீர்கள் என்பதால் கடிதமாக எழுதுகிறேன். வழக்குப் பதிவாகிவிட்டது, எண் விழுந்துவிட்டது, சீல் குத்திய ரசீது என் சட்டைப் பையில் இருக்கிறது. ஆனால் நீங்கள் முதலில் சொன்ன இடத்தில் பதிவாகவில்லை. இரண்டாவது சொன்ன இடத்திலும் இல்லை. மூன்றாவது தடவை நீங்கள் சொன்ன யோசனையைப் பற்றிக் கீழே எழுதுகிறேன், அதைப் படிக்கும்போது பக்கத்தில் அக்கா இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் உங்கள் மனம் வருந்த ஒன்றுமில்லை. நாற்பது வருடம் அடிதடி, திருட்டு கேஸ்களாகவே நடத்திய வக்கீலுக்கு நாற்காலி கேஸ் ஒன்றாவது வந்திருக்குமா? அடிதடி என்றால் அடி விழுந்த தெருவைக் காட்டினால் போதும். நாற்காலி அப்படி இல்லை என்பதை என் சொந்த மகளே எனக்குக் கற்றுக் கொடுத்தாள் என்பதுதான் இந்தக் கடிதத்தின் விசேஷம்.

முழு விவரமும் உங்களுக்குத் தெரியும் என்றாலும் வரிசையாக எழுதினால்தான் எனக்கு வரும். முப்பத்தொரு வருடம் அந்தச் சின்ன ஊரில், தபால் ஆபீசுக்கு எதிர்மாடியில், பல் பிடுங்கினேன், அடைத்தேன், கட்டினேன். ஊரில் பாதிப் பேருக்கு முகம் பார்த்தால் பெயர் வராது, வாயைத் திறந்தால் வீட்டு விலாசம் வரைக்கும் சொல்லிவிடுவேன். அத்தனையும் ஒரே நாற்காலியில் நடந்தது. கருஞ்சிவப்புத் தோல் உறை, காலால் மிதித்தால் மூச்சுவிட்டுக்கொண்டு மேலே ஏறும், தலைக்கு மேல் விளக்கு. ஓய்வு பெற்று மகள் வேலை பார்க்கிற இந்த நகரத்துக்கு வந்தபோது கிளினிக்கை என் சிஷ்யனிடம் விட்டேன். நாற்காலியும் அங்கேயே இருந்தது, தரையோடு போல்ட் போட்டு முடுக்கியது. 'இப்போதைக்கு நீ வைத்துக்கொள், எனக்கு வேண்டும்போது வாங்கிக்கொள்கிறேன்' என்று மனதில் நினைத்துத்தான் விட்டு வந்தேன். எழுத்தில் ஒன்றும் இல்லை. குருவுக்கும் சிஷ்யனுக்கும் நடுவில் என்ன எழுத்து?

இங்கே வந்த பிறகுதான் என் கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரிந்தது. பேருந்தில் எதிரே உட்கார்ந்தவர் கொட்டாவி விட்டால் எட்டிப் பார்த்துவிடுகிறேன். "ஊரார் வாயெல்லாம் பாக்காதீங்க, ஒரு நாள் யாராவது கை நீட்டிடுவாங்க" என்று என் மனைவி சொல்லாத நாள் இல்லை. சரி, வீட்டு முன்னறையில் சின்னதாக ஒரு கிளினிக் போடலாம் என்று முடிவு செய்தேன். அதற்கு என் நாற்காலி வேண்டும். சிஷ்யனுக்குத் தொலைபேசி செய்து, "நாற்காலி எப்படிப்பா இருக்கு?" என்று நாசூக்காகக் கேட்டேன். "ரொம்ப நல்லா இருக்கு சார்" என்றான். ஒரு மாதம் கழித்து, "நாற்காலி ஞாபகமாவே இருக்குப்பா" என்றேன். "எனக்கும் அதுல உங்க ஞாபகம்தான் சார்" என்றான். இதற்கு மேல் ஒரு மனிதன் எப்படிக் கேட்பது? நீங்கள்தான் நோட்டீஸ் அனுப்பச் சொன்னீர்கள், வாசகமும் நீங்களே எழுதிக் கொடுத்தீர்கள். அதற்கு அவன் எழுதிய பதிலும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 'சார், ஏதோ தவறுதலாக ஒரு நோட்டீஸ் எனக்கு வந்துவிட்டது. அம்மாவுக்கு என் வணக்கம்.' அன்றைக்குத்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. மூன்று வருடம் முடிந்துவிட்டால் கேட்கிற உரிமையே போய்விடும் என்று நீங்கள் சொன்னீர்கள். நாற்காலியை விட்டு வந்த நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் இந்த மாதம் பத்தொன்பதாம் தேதி மூன்று வருடம் முடிகிறது.

இப்போது மகள் விஷயத்துக்கு வருகிறேன். அவள் சட்டம் படித்துவிட்டுக் கறுப்புக் கோட்டுப் போடாமல், பரீட்சை எழுதி, கோர்ட் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, ஒரு கல்யாணப் பந்தியில் நீங்கள், "சட்டம் படிச்சுட்டு சீல் குத்துற வேலைக்கா போகுது?" என்று நாலு இலை தள்ளிக் கேட்கும்படி சொன்னீர்கள். நான் பதில் சொல்லவில்லை. சொல்ல எனக்கும் ஒன்றும் இல்லை. அவள் பல் மருத்துவம் படிக்கவில்லை என்ற வருத்தமே அப்போது எனக்கு ஆறவில்லை. அதற்குப் பிறகு உறவில் யார் விசாரித்தாலும் "கோர்ட்டில் இருக்கிறாள்" என்று மட்டும் சொல்லி, அவர்கள் என்ன நினைத்துக்கொண்டாலும் திருத்தாமல் விட்டிருக்கிறேன். ஒருவர் "ஜட்ஜா?" என்று நேராகவே கேட்டுவிட்டார். நான் இருமினேன். இதை இன்று வெட்கத்தோடு எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னபடி முதலில் பெரிய கோர்ட்டுக்கு என்று எழுதிய மனுவை எடுத்துக்கொண்டு போனேன். "பெரிய கோர்ட்ல போடு, பேரைக் கேட்டதும் பையன் நடுங்கிடுவான்" என்பது உங்கள் வாக்கு. இங்கே பெரிய கோர்ட், சின்னக் கோர்ட் எல்லாம் ஒரே கட்டடம். எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தரைத்தளத்தில் ஒரே கூடத்தில் ஐந்து ஜன்னல். கண்ணாடித் தடுப்பில் அரைவட்டமாக ஓர் ஓட்டை, அதற்குள் குனிந்துதான் பேச வேண்டும். முப்பத்தொரு வருடம் அடுத்தவர் வாய்க்குள் குனிந்தவன், முதல் தடவையாக ஓர் ஓட்டைக்குள் என் வாயைக் கொண்டுபோனேன். மூன்றாம் ஜன்னல். உள்ளே என் மகள். காலையில் என் கையால் காப்பி வாங்கிக் குடித்துவிட்டுப் போனவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பேரு சொல்லுங்க."

"என்னம்மா இது, என் பேரு உனக்கு..."

"மனு குடுக்கறவங்க வாயால சொல்லணும் சார். பேரு?"

சொன்னேன்.

"தகப்பனார் பேரு?"

"உங்க தாத்தாம்மா."

"பேரு சார்."

எனக்குப் பின்னால் நின்ற ஒரு வக்கீல் சிரித்தார். அவருக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி, அதை மட்டும் கவனித்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன். மகள் காகிதத்தை வாங்கியதும் படிக்கவில்லை. எழுந்து நேராகத் தலைமை எழுத்தரின் மேசைக்குப் போய், கூடத்துக்கே கேட்கிற மாதிரி, "சார், மனு குடுக்கறவர் என் அப்பா. நான் பாக்கலாமா?" என்று கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "குறை இருந்து திருப்பறதுக்கு அப்பா என்னம்மா, மாமா என்ன? ஏத்துக்கறதா இருந்தா மட்டும் என்கிட்ட கொண்டா" என்றார். ஏற்றுக்கொள்கிற வாய்ப்பு வரவே இல்லை. ஐந்து நிமிஷத்தில் ஒரு குறிப்பு எழுதி, மனுவோடு சேர்த்துப் பின் பண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். 'பொருளின் மதிப்பு பெரிய நீதிமன்றத்தின் வரம்பை எட்டவில்லை. பக்கம் இரண்டில் தேதி இல்லை. நகல்கள் போதவில்லை. பொருளின் அடையாளம் முழுமையாக இல்லை.' அத்தான், மருந்துச் சீட்டு எழுதி எழுதி என் கையெழுத்து எப்படி என்பது உங்களுக்குத் தெரியும். அவள் எழுத்தைப் பார்க்க வேண்டுமே! ஒவ்வொன்றும் சொத்தை இல்லாத வரிசைப் பல் மாதிரி. கோபத்தில் நிற்கிறவனுக்குக்கூட ஒரு நிமிஷம் பார்க்கத் தோன்றியது.

அன்று சாயங்காலம் வீட்டில் டீ குடிக்கும்போது மெதுவாக ஆரம்பித்தேன். "அங்க இல்லன்னா, எங்கதாம்மா போடணும்?"

"ஆபீஸ் விஷயம்பா. வீட்ல வேண்டாம்."

"ஊர் பேர் தெரியாதவன் கேட்டா சொல்ல மாட்டியா?"

"மாட்டேன். இங்க இல்லன்னு சொல்றதுதான் என் வேலை. எங்கன்னு சொல்றது வக்கீலோட வேலை. உங்களுக்குச் சொன்னா ஜன்னல்ல நிக்கிற எல்லாருக்கும் சொல்லணும்."

"ஜன்னல்ல நிக்கிற எல்லாரும் உனக்கு அப்பாவா?"

"இல்லல்ல? அதனாலதான் உங்களுக்கு மட்டும் சொல்லக் கூடாது."

என் மனைவி சமையலறையிலிருந்து, "அவ சொல்றது சரிதான்" என்றாள். வழக்கு என்ன என்றுகூட அவள் அதுவரைக்கும் கேட்டதில்லை.

மறுபடி உங்களுக்குத் தொலைபேசி செய்தேன். "அப்ப சின்னக் கோர்ட்லயே போடு. நீ குடியிருக்கிற ஊர்ல உனக்கு இல்லாத உரிமையா?" என்றீர்கள். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. பொருளை இழந்தவன் நான், நடந்து போகிற தூரத்தில் கோர்ட், வழக்கு இங்கே வருவதுதானே முறை? தேதி போட்டு, நகல் எடுத்து, நாற்காலியின் கால்மிதி முதல் தலைத் திண்டு வரை அங்கம் அங்கமாக எழுதிக்கொண்டு போனேன். இந்தத் தடவை பெயர் கேட்டதும் உடனே சொன்னேன், தகப்பனார் பெயரையும் அவள் கேட்குமுன் சொன்னேன். "நன்றி சார்" என்றாள். பத்து நிமிஷம் படித்தாள். பிறகு அந்த வரிசைப் பல் எழுத்தில் எழுதினாள்: 'பிரதிவாதி வசிக்கும் இடம், தொழில் செய்யும் இடம், பொருள் இருக்கும் இடம், கைமாறிய இடம், எதுவும் இந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் இல்லை. உரிய நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய.'

உரிய நீதிமன்றம் எது என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது, அத்தான். இதை உங்களிடம் அன்று சொல்லவில்லை. சிஷ்யன் இருப்பது அந்தச் சின்ன ஊரில். நாற்காலி இருப்பது அங்கே. நான் கொடுத்ததும் அங்கே. அந்த ஊரில் கோர்ட்டும் இருக்கிறது, தபால் ஆபீசுக்குப் பின்னால், என் கிளினிக் ஜன்னலிலிருந்து அதன் படிக்கட்டுத் தெரியும். முப்பத்தொரு வருடம் அந்தப் படியில் ஏறுகிறவர்களை நான் மாடியிலிருந்து பார்த்து, 'அட, இவருமா!' என்று நினைத்திருக்கிறேன். இப்போது அதே படியில் ஏறி, அதே கிளினிக் ஜன்னலுக்குள் உட்கார்ந்திருக்கிற என் சிஷ்யன் மேலேயே நான் வழக்குப் போட வேண்டும். ஊரே பார்க்கும். வாழ்த்தி வழியனுப்பின ஊர். அதற்கு இந்த நகரத்தில் எந்தக் கோர்ட்டிலாவது யார் கண்ணிலும் படாமல் போட்டுவிட்டால் தேவலை என்றுதான் நான் அலைந்தேன்.

அதனால்தான் மூன்றாவது தடவை நீங்கள் சொன்னதற்கு இணங்கினேன். "ஒரே ஒரு வரியை மாத்து. நாற்காலியை உன் வீட்ல வச்சு அவன்கிட்ட ஒப்படைச்சேன்னு எழுது. யார் வந்து பாத்தா?" என்றீர்கள். எழுதும்போது பேனா ஒரு தடவை நின்றது. மை தீர்ந்துவிட்டதாக்கும் என்று உதறிவிட்டு எழுதி முடித்தேன். பதினேழாம் தேதி போனேன். மூன்றாம் ஜன்னலுக்குப் போகவில்லை. நாலாம் ஜன்னலில் ஒரு தங்கமான மனிதர், வழுக்கைத் தலை, ஓயாமல் மிட்டாய் மெல்லுவார், கடைவாய்ப் பல் இரண்டும் போயிருக்கும் என்பதை ஓட்டை வழியாகவே கண்டுபிடித்தேன். பெயரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "மேடத்தோட அப்பாவா! ரெண்டு தடவை அலைய விட்டாங்களாமே? குடுங்க சார், நான் பாத்துக்கறேன்." படிக்கவே இல்லை. சீலை எடுத்து மையில் ஒற்றினார். எனக்கு நிம்மதியும் பயமும் ஒன்றாக வந்தன.

அப்போது மூன்றாம் ஜன்னலிலிருந்து என் மகள் எழுந்து வந்தாள். "சார், ஒரு நிமிஷம். அதுல எல்லையைப் பாருங்க. அது நம்ம கோர்ட் கேஸ் இல்ல."

"மேடம், உங்க அப்பா..."

"அப்பாங்கிறதாலதான் சொல்றேன் சார்."

சீல் அந்தரத்தில் நின்றது. அவர் மிட்டாயை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, முதல் தடவையாகக் காகிதத்தைப் படித்தார். பிறகு ஓட்டை வழியே எனக்கே திருப்பிக் கொடுத்தார். எனக்கு வந்த கோபத்தில் கண் இருட்டியது. நாற்பது பேர் நிற்கிற கூடத்தில் பெற்ற மகள் இப்படிச் செய்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? விறுவிறு என்று வெளியே நடந்தேன். தாழ்வாரத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் அவள் ஓடிவந்து பிடித்துவிட்டாள்.

"அப்பா, உணவு இடைவேளை. இப்ப நான் உங்க பொண்ணு."

"அப்படின்னா இவ்வளவு நேரம் யாரு?"

அவள் என் கையிலிருந்த மனுவை வாங்கி, அந்த ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள்.

"அந்த நாற்காலி நம்ம வீட்டு வாசலை என்னைக்காவது பாத்திருக்காப்பா?"

நான் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இதை அவர் சீல் குத்தி வாங்கியிருந்தா என்ன ஆகும் தெரியுமா? ரெண்டு வருஷம் நடக்கும். அப்புறம் அவங்க பக்கத்து வக்கீல் எழுந்து, டாக்டர், இந்த வரி உண்மையான்னு கேப்பார். நீங்க கூண்டுல நிப்பீங்க. நீங்க பொய் சொல்லி நான் கேட்டதே இல்லப்பா. அன்னைக்குக் கேக்கணுமா?"

"அந்த ஊர்ல போய்ப் படி ஏறச் சொல்றியா? என்னை எல்லாருக்கும் தெரியும்மா."

"வலது பக்கம் வலிக்குதுன்னு ஒருத்தர் வர்றார். இடது பக்கம் உங்க கைக்கு வசதியா இருக்குன்னு அங்க பிடுங்குவீங்களா?"

அத்தான், முப்பத்தொரு வருடத்தில் ஒரு தடவைகூட நான் தவறான பல்லைப் பிடுங்கியதில்லை. எக்ஸ்ரே பார்த்து, தட்டிப் பார்த்து, நோயாளியையே விரல் வைக்கச் சொல்லி, அப்புறம்தான் இடுக்கியை எடுப்பேன். இதை அவள் சின்ன வயதில் கிளினிக் பெஞ்சில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே பார்த்திருக்கிறாள். பல் மருத்துவம் அவளுக்கு வரவில்லை என்று நான் வருத்தப்பட்டதெல்லாம் அந்தக் குழாயடியில் அர்த்தமில்லாமல் போயிற்று. அந்த வரியை அங்கேயே அடித்தேன். அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பாதியை எனக்குக் கொடுத்தாள்.

மறுநாள் முழுக்க உட்கார்ந்து மனுவைத் திருத்தி எழுதினேன். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு தடவையும் திருப்பிய குறிப்புகளை எதிரே வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். பத்தொன்பதாம் தேதி, கடைசி நாள், ஏழு மணிப் பேருந்தில் கிளம்பினேன். வழியில் டயர் வெடித்து ஒரு மணி நேரம் ரோட்டோரத்தில் நின்றது. அதன் பிறகு பாலத்தில் வேலை நடக்கிறது என்று சுற்றுவழியில் போனார்கள். ஊரில் இறங்கும்போது மணி இரண்டே கால். என் கிளினிக் இருக்கிற தெருவை விட்டு, சந்து வழியாக, குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு போனேன். வெயிலுக்கு மறைத்துக்கொண்டதாக யாராவது நினைத்திருந்தால் நல்லது, வானம் மூடியிருந்தது.

மறைத்து என்ன பிரயோசனம்? படியின் கீழேயே காவலாளி, "டாக்டர் ஐயா!" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார், அதில் நாலு பல் நான் கட்டியது. மேலே வரிசையில் பதினைந்து பேர். ஒருவர் விடாமல் என்னைத் தெரியும். ஒரு அம்மாள் வரிசையிலேயே வாயைத் திறந்து, "இங்க பாருங்க டாக்டர், கூசுது" என்றார். பார்த்தேன். ஈறு தேய்ந்திருக்கிறது, பிரஷ்ஷை அழுத்தித் தேய்க்காதீர்கள் என்றேன். அடுத்தவர் தன் முறைக்காகத் தாடையைத் தயாராக வைத்திருந்தார். இப்படியே ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்து சேரும்போது மணி நாலு இருபது, ஐந்துக்கு மூடிவிடுவார்கள். ஜன்னலில் இருந்த எழுத்தரும் என் பழைய நோயாளிதான், மேல்வரிசை இடது கடைவாய், வேர் சிகிச்சை. மனுவை வாங்கிப் பிரதிவாதியின் பெயரைப் படித்தார், மறுபடியும் படித்தார்.

"நம்ம சின்ன டாக்டர் மேலயா?"

வரிசை முழுக்க அடங்கிப்போயிற்று. அதுவரை கூசுது, வலிக்குது என்றிருந்தவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். இந்த நிமிஷத்துக்குப் பயந்துதான் இத்தனை நாள் ஓடினேன். வந்ததும் பார்த்தால், ஊசி போடுகிற மாதிரிதான், பயம் பெரிது, வலி கொஞ்சம். நிமிர்ந்து நின்று, "ஆமாம். அவர் மேல எனக்கு ஒரு கோரிக்கை இருக்கு. அதைக் கேக்கவேண்டிய இடம் இதுதான்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. கூசுகிற பல் அம்மாள், "வாஸ்தவம்தானே" என்றார்.

எழுத்தர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். தேதி பார்த்தார், இருந்தது. நகல்களை எண்ணினார், சரியாக இருந்தது. நாற்காலியின் அடையாளத்தை உதடு அசையப் படித்தார், கால்மிதியில் நடுவில் ஒரு கீறல் என்று எழுதியிருந்த இடத்தில், "ஆமா, இருக்கும், அதுல கால் வெச்சிருக்கேன்" என்றார். எல்லையைப் பார்த்தார், தலையாட்டினார். மணி ஐந்தாக எட்டு நிமிஷம் இருக்கும்போது மனுவின் பின்னால் சேர்ந்திருந்த இரண்டு குறிப்புகளையும் விரித்துப் படித்தார்.

"இருபத்தாறு வருஷமா இந்த ஜன்னல்ல உக்காந்திருக்கேன். முதல் தடவையிலேயே ஒரு குறையும் சொல்ல முடியாத மனுவை இன்னைக்குத்தான் பாக்கறேன். இந்தக் குறிப்பு எழுதினது யாரு டாக்டர்? இப்படி எழுதற ஆள் ஒருத்தர் இங்க இருந்தா நான் மத்தியானம் உக்காந்து சாப்பிடுவேன்."

அத்தான், பந்தியில் அன்று நான் சொல்லாத பதிலை அங்கே சொன்னேன். வரிசையில் கடைசியில் நின்றவருக்கும் கேட்கிற மாதிரி, "என் பொண்ணு. கோர்ட்ல மனு வாங்கற ஜன்னல்ல இருக்கா" என்றேன். இருமவில்லை. எழுத்தர் சீலை எடுத்துக் குத்தினார். ஐந்து மணிக்கு மூன்று நிமிஷம் பாக்கி. அவ்வளவு அழகான சத்தத்தை நான் என் சர்வீசில் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து ரசீதைக் காட்டினேன். மகள் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, சீல் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "சரியா இருக்குப்பா" என்றாள். இந்த இரண்டு வார்த்தையை அவள் வாயிலிருந்து வாங்க நான் எத்தனை தடவை வரிசையில் நின்றிருக்கிறேன் என்று யோசித்தால் உங்களுக்குப் புரியும். மறுநாள் வீட்டுக்குக் காய்கறி வாங்கப் போன வழியில் தலைமை எழுத்தரைத் தெருவில் பார்த்தேன். அவரே நின்று, "உங்க பொண்ணு எங்க ஆபீசுக்கு வந்தப்புறம், இடம் தெரியாம அலையறவங்க பாதியாக் குறைஞ்சுட்டாங்க சார்" என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு வெண்டைக்காய் வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகவே, அத்தான், இனி உறவில் எந்த விசேஷத்தில் யார் கேட்டாலும், அவள் செய்கிற வேலை என்ன என்று நீங்களே விளக்கிச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். சொல்லும்போது பல்செட் போட்டுக்கொண்டு தெளிவாகச் சொல்லவும். வழக்கில் நீதி என் பக்கம் இருக்கிறது, இடம் சரியான இடம், தேதிக்குள் போட்டாயிற்று, வெற்றியைப் பற்றி எனக்குத் துளியும் சந்தேகமில்லை. நீங்கள் செய்த உதவிகளை, அவை எந்தத் திசையில் இருந்தாலும், நான் மறக்க மாட்டேன். அக்காவுக்கு என் அன்பு. உங்கள் ஆசி என்றைக்கும் எங்களுக்கு வேண்டும். உங்கள் வாய் நலம் உட்பட எல்லா நலமும் பெருகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டித் தபாலில் போடக் கிளம்பும்போது வாசலில் என் சிஷ்யன் நிற்கிறான், அதனால் உறையைப் பிரித்து இதையும் எழுதுகிறேன். நான் ஊருக்கு வந்து அவனைப் பார்க்காமல் போனதை அன்று ஐந்தேகாலுக்கே பதினைந்து பேர் போய்ச் சொல்லிவிட்டார்களாம். ஒரு பை நிறையப் பழத்தோடு வந்து, கோபமே இல்லாமல், "சார், இதை நீங்க பாத்துட்டு என்ன சொன்னாலும் கேக்கறேன்" என்று கைபேசியை என் முன்னால் வைத்தான். ஊர்க்காரர்கள் எனக்கு நடத்திய வழியனுப்பு விழாவின் வீடியோ. மேடையில் நிற்பது நான்தான், சட்டையும் என்னுடையதுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒலிபெருக்கியில் நான் சொல்கிறேன்: "இந்த நாற்காலி இன்னையிலேருந்து உன்னோடதுப்பா. நாளைக்கு நானே வந்து கேட்டாலும் திருப்பிக் குடுக்காதே!" சத்தியமாக எனக்கு ஞாபகமே இல்லை, அத்தான். அன்று அழுததுதான் ஞாபகம் இருக்கிறது, பேசியது இல்லை. "அதான் சார், நோட்டீஸ் ஏதோ தப்பா வந்துடுச்சுன்னு நெனச்சேன். இப்ப வேணும்னா சொல்லுங்க, போல்ட்டைக் கழட்டிக் கொண்டுவந்து தர்றேன்" என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மகள் வீடியோவை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "வாபஸ் மனுவும் அங்கதான்பா குடுக்கணும்" என்றாள். திங்கட்கிழமை போகிறேன், குடை கொண்டுபோகப் போவதில்லை. உங்களுக்கு ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். என் மனைவி காட்டிய பிறகுதான் நானும் கவனித்தேன். நான் நாற்காலியைக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னதும், முன்வரிசையில் அக்காவுக்குப் பக்கத்திலிருந்து எழுந்து நின்று, "ஆஹா!" என்று முதலில் கை தட்டுகிறவர், அத்தான், நீங்கள்தான்.